கணக்கில் வராத முதல் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே இதழின் பயணக் கட்டுரையில், 'இரவுக் கப்பலில் காரை ஏற்றிவிட்டால் முதல் நாள் கணக்கிலேயே வராது; தூங்கி எழுந்தால் ஹொலண்ட். சாப்பாட்டையும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தது. நம்பினோம். ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு நானும் மனைவியும் மாமியும் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகம் வழியாகப் புறப்பட்டோம்.

கப்பல் இரவு பதினொரு மணிக்கு. ஏ12 வீதியின் வெள்ளிக்கிழமை நெரிசல் நீங்கள் அறியாததல்ல. நான்கு மணிக்கே வீட்டை விட்டு இறங்கினோம். காரைக் கீழ்த்தளத்தில் விட்டு, மேலே ஏறி அறையைக் கண்டுபிடித்துப் படுத்த பிறகுதான் மாமியின் பிரஷர் குளிசை டிக்கியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. கப்பல் புறப்பட்டதும் கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், இனிக் காலையில்தான். இதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். கட்டுரையாளரின் கூலிங்கிளாஸ் படத்துக்கு அரைப் பக்கம் கிடைத்ததே! மாமி இரவு முழுக்கக் கண் மூடவில்லை. அவர் மூடாமல் மற்றவர்கள் மூடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆறரைக்கு எழுப்பினார்கள். அது ஹொலண்ட் நேரம். என் கைக்கடிகாரத்தில் ஐந்தரை.

சரி, தூக்கம் போனால் போகட்டும். மறுகரைத் துறைமுகமான ஹூக் ஒஃப் ஹொலண்டில் சுங்க அதிகாரி காரை ஓரங்கட்டச் சொன்னார். தயிர்ச்சாத டப்பாவைத் திறந்து பார்த்து, வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அந்த ஹோர்லிக்ஸ் போத்தல். அம்மனுக்கு விளக்கேற்றவென்று உப்பில்லாத பட்டர் வாங்கி, முருங்கையிலை கிள்ளிப் போட்டு மாமி உருக்கிய நெய். அதிகாரி மூடியைத் திறந்து மணந்துவிட்டு, 'ஒயில்?' என்றார். நல்ல மனிதர், தப்பும் வழியை அவரே எடுத்துக் கொடுத்தார். பின் சீட்டிலிருந்து மாமி நிமிர்ந்து உட்கார்ந்து, 'நோ நோ, பியூர் பட்டர்' என்றார். போத்தல் குப்பைத் தொட்டிக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ பயணிகள் அங்கே கொண்டுபோக முடியாது. அந்த மாதமே, அதே துறைமுகத்தில், சாரதிகள் சாண்ட்விச்சைப் பறிகொடுத்த செய்தியைப் பார்த்து ஊரே சிரித்தது. பத்திரிகை நடத்தும் நீங்கள் அதைப் படிக்காமலா இருந்திருப்பீர்கள்? காரின் பின்னால் நாட்டைக் குறிக்கும் 'ஜி.பி.' எழுத்தை ஒட்டச் சொன்னதும் இதே கட்டுரைதான். 2021 செப்டெம்பர் 28இலிருந்து அது 'யு.கே.'

இதையெல்லாம் விடுங்கள். 'தரையும் கடலும் சேர்ந்த பயணம் நம்மவர்களுக்குப் புதிது' என்றும் ஒரு பொன்மொழி இருந்தது. 1962இல் என் அப்பா யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பலெடுத்துத் தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடி ரயிலில் எழும்பூர் போய்ச் சேர்ந்தவர். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்தக் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. இதை 2019இலேயே நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று பதில் போட்டீர்கள். அந்த இதழில் இராசிபலன் மட்டும் ஆறு பக்கம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: பால் பொருள் கொண்டுபோகக் கூடாது, மருந்தைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கடை நெய்யில் ஏற்றிய விளக்கை அம்மன் ஏற்றுக்கொண்டிருப்பாளா என்று இன்னும் என்னைத்தான் கேட்கிறார். 'பட்டர்' என்று சொன்னது யார் என்பது மட்டும் அவருக்கு மறந்துபோயிற்று.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்