ஐந்து நட்சத்திரம் போட்டது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் வரும் ஓட்டல் விமர்சனங்கள் எல்லாமே காசு கொடுத்து எழுத வைப்பவை, அவற்றைப் பார்க்கவே வேண்டாம் என்று உங்கள் வாசகர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. ஆனால் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? ஓட்டல்காரர் போட்ட படத்தையா? அகன்ற லென்ஸில் எடுத்தால் பத்துக்குப் பத்து அறைகூடக் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். முன்பெல்லாம் ராமேஸ்வரம் போய்வந்த அத்தையோ பக்கத்து வீட்டு மாமாவோ ஒரு லாட்ஜ் பெயர் சொல்வார்கள். இன்றைக்கு அவர்களே கூகுள் மேப்பைப் பார்த்துக்கொள் என்கிறார்கள்.

காசுக்கு எழுதுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், இந்த ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்பை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதலில் கொஞ்சம் பணம் நிஜமாகவே வரும். நம்பிக்கை வந்ததும் 'டாஸ்க்' என்று சொல்லி நம் கணக்கிலிருந்தே கறக்க ஆரம்பிப்பார்கள். சைபர் கிரைம் போலீஸார் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு முன் அவர்கள் கால் வைக்காத ஊரில் இருக்கும் ஓட்டல்களுக்குப் போட்ட நட்சத்திரங்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. நீக்கப்படும்வரை அவை அங்கேயேதான் இருக்கும், அதை நம்பி யாரோ ஒரு குடும்பம் அறை எடுக்கும்.

படித்தாலே பொய் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தெரியாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிகாகோவின் 20 ஓட்டல்களைப் பற்றிக் கூலி கொடுத்து 400 பொய் விமர்சனங்கள் எழுதி வாங்கினார்கள். அதே ஓட்டல்களுக்கு டிரிப்அட்வைசர் என்ற பயணத் தளத்தில் வந்திருந்த 400 விமர்சனங்களை அவற்றோடு கலந்தார்கள். அதிலிருந்து எடுத்துக் கொடுத்து எது பொய் என்று கேட்டபோது, மனிதர்கள் சொன்ன பதில் பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கு மேல் தேறவில்லை. கணினி மட்டும் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் சரியாகப் பிரித்தது. தங்கியவர்கள் குளியலறை, அறையின் அளவு, இடம் என்று எழுதியிருந்தார்கள். பொய் எழுதியவர்கள் கணவரோடு வந்தேன், விடுமுறைக்கு வந்தேன், அலுவல் விஷயமாக வந்தேன் என்று தங்களைப் பற்றியே அளந்திருந்தார்கள். பார்க்காத குளியலறையைப் பற்றி அவர்கள் என்னதான் எழுத முடியும்? சரி, இப்போது ஏஐ அதையும் எழுதிக் கொடுத்துவிடும், ஆகவே இந்த ஒரு அடையாளத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்தத் தளத்தில் படிக்கிறோம் என்பதும் முக்கியம். புக்கிங்.காம் போன்ற தளத்தில், அதன் வழியாக அறை எடுத்தவர்தான் எழுத முடியும். கூகுளில் கணக்கு வைத்திருக்கும் யாரும் எழுதலாம், ரசீது கேட்க ஆளில்லை. இந்த வித்தியாசத்தை வைத்து 2014இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, தங்கியவர் மட்டும் எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும் யாரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசரையும் ஒப்பிட்டது. பக்கத்தில் போட்டி ஓட்டல் இருக்கும் இடங்களில், யாரும் எழுதலாம் என்ற தளத்தில் திட்டு கூடுதலாக விழுந்திருந்தது. பொய்ப் புகழ்ச்சி மட்டுமல்ல, பொய்த் திட்டும் உண்டு என்பதை உங்கள் வாசகர் மறந்துவிட்டார்.

ஆனால் என் கவலை இந்தப் பொய்களைப் பற்றியதுகூட இல்லை. நிஜமாகவே தங்கியவர்கள் நிஜப் பெயரில் போடும் ஐந்து நட்சத்திரம்தான் என்னை அதிகம் குழப்புகிறது. அறையைக் காலி செய்யும்போது ரிசப்ஷன் பையன் க்யூஆர் கோடு அட்டையை நீட்டி, "சார், என் பேரைப் போட்டு ஃபைவ் ஸ்டார் குடுத்துடுங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறான். பாவம், அவனுக்கு மேலே இருந்து நெருக்கடி. கல்யாண வீட்டுக்காரர் பந்தியில் வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பு தூக்கல் என்று எவர் சொல்வார்? குழாயில் தண்ணீர் நூலாக வந்ததும், ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் அலறியதும் அந்த நிமிஷத்தில் வாயைத் தாண்டி வராது. ஐந்தை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இது பொய் விமர்சனம் என்று எந்தக் கணினியும் பிடிக்காது, ஏனென்றால் பொய்யில்லை, வெறும் தாட்சண்யம். ஒரே மாதத்தில் ஒரே ஊழியர் பெயரைச் சொல்லி, 'குட் சர்வீஸ்' என்ற இரண்டு வார்த்தையோடு வரிசையாக ஐந்து நட்சத்திரம் விழுந்திருந்தால் அட்டையை நீட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் நான் மொத்த மதிப்பெண்ணை அதிகம் பார்ப்பதில்லை. 4.1க்கும் 4.4க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அட்டை நீட்டும் சுறுசுறுப்புதான். புதியவை மேலே வரும்படி வரிசையை மாற்றிவிட்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். அவர்களுக்குப் புகழவும் அவசியமில்லை, பழி தீர்க்கவும் ஆத்திரமில்லை. வெந்நீர் காலையில் மட்டும்தான், லிஃப்ட் கிடையாது, காரை ரோட்டில்தான் நிறுத்த வேண்டும், டிரைவர் படுக்க இடமில்லை என்று அவர்கள்தான் எழுதுவார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது இதுதானே. தமிழில் எழுதப்பட்டவற்றை விடாமல் படிப்பேன். அப்புறம் ஓட்டல்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு, வந்து தங்கியவர்கள் எடுத்த படங்களில் பாத்ரூம் மூலையைத் தேடுவேன்.

ஒற்றை நட்சத்திரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்கும் மே மாதம் கொடைக்கானலுக்கும் போய்விட்டு, வாடகை அதிகம், கூட்டம் அதிகம் என்று கொதித்து எழுதியிருப்பார்கள். அது ஊரின் குற்றம், காலண்டரின் குற்றம். மூட்டைப்பூச்சி என்று வெவ்வேறு மாதங்களில் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் மட்டும் நான் வேறு இடம் பார்ப்பேன். அதற்கு ஓட்டல் என்ன பதில் எழுதியிருக்கிறது என்பதும் நிறையச் சொல்லும். எல்லோருக்கும் ஒரே பதிலை வெட்டி ஒட்டியிருந்தால் ஒரு ரகம், புகார் சொன்னவரையே திட்டியிருந்தால் இன்னொரு ரகம்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதுபவர் உண்மையான ஆள்தானா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தைப் போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் போலி விமர்சனங்களை விற்பதும் வாங்குவதும் அபராதத்துக்குரிய குற்றம். நல்லபடியாக எழுதினால்தான் சலுகை என்று நிபந்தனை போடுவதும் அதே விதிக்குள் வருகிறது. இங்கே ஐந்து நட்சத்திரத்துக்கு ஐஸ்க்ரீம் இலவசம் என்று மேஜை மேலேயே எழுதி வைக்கிறார்கள். நுகர்வோர் விவகாரத் துறை முதலில் அந்த மேஜையிலிருந்து தொடங்கலாம்.

ரிசப்ஷனில் அட்டையை நீட்டினால் "பஸ் ஏறினதும் போடுறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். பஸ் ஏறியதும் போட்டும் விடுவேன், வெந்நீர் எத்தனை மணிக்கு வந்தது என்பது உட்பட.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி