கோச்சுக்கு யார் கோச்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், தன்னார்வக் கோச்சுகளைப் பயிற்றுவிக்க நீ போட்டிருக்கிற பாடத்திட்டமும் கிடைத்தன. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நீ மறுபடி மைதானத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் மனசு லேசானது. இப்போதைக்கு ஓடாதே, ஓரமாக நின்று பார். இங்கே எல்லாரும் நலம். மகள் வார இறுதிகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறாள். என்னிடம் யோசனை கேட்பதே இல்லை. அதனால்தானோ என்னவோ, நன்றாகவே செய்கிறாள்.

சரி, பாடத்திட்டத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் வகுப்பு, பதினான்கு தலைப்பு, கடைசியில் எழுத்துத் தேர்வு, அப்புறம் சான்றிதழ். விதிமுறைகளும் உத்திகளும் நிறைய இருக்கின்றன. எதிரே நிற்கிற ஆள் யார் என்பதுதான் எங்கேயும் இல்லை. எட்டு வயதுப் பையனுக்கும், பதினைந்து வயதுப் பெண்ணுக்கும், நாற்பதைத் தாண்டி முதல்முறை நீச்சல் குளத்தில் இறங்குகிறவருக்கும் ஒரே பாடமா? கோச்சுகளை உருவாக்குவதற்கான உலகளாவிய வழிகாட்டியாக 2013இல் வெளியான சர்வதேசப் பயிற்சியாளர் சட்டகம்கூட, பொழுதுபோக்காக விளையாட வருகிறவர்களைக் குழந்தைகள், பதின்பருவத்தினர், பெரியவர்கள் என்று பிரித்துத்தான் பேசுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது வரிசையை. இருபது பேர், ஒரு பந்து, ஆளுக்கு இருபது வினாடி. ஒரு சுற்று முடிய ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்பது முறை பந்து கிடைத்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்கிறவன் சட்டையை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கோச் அதைப் பார்த்து "ஒழுக்கம் இல்லை" என்று விசில் ஊதுவார். மூன்று மூன்று பேராகப் பிரித்து, குழுவுக்கொரு மூலையில் விளையாட விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாமானையும் பிள்ளையின் அளவுக்குக் குறைக்க வேண்டும். மினி கூடைப்பந்தில் வளையத்தை 3.05 மீட்டரிலிருந்து 2.60 மீட்டருக்கு இறக்குகிறார்கள். 10 வயதுக்கு உட்பட்டவர்களின் டென்னிஸ் போட்டிகளில் 2012 முதல் வழக்கமான மஞ்சள் பந்து கிடையாது; மெதுவாக வருகிற சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள்தான். உன் பாடத்தில் பெரியவர்களுக்கான ஆடுகள அளவு மட்டும் மனப்பாடத்துக்கு இருக்கிறது.

பதின்பருவத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. சராசரியாகப் பெண்கள் 12 வயதை ஒட்டியும் ஆண்கள் 14 வயதை ஒட்டியும் மளமளவென்று வளர்கிறார்கள். ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளேயே இதில் ஓரிரு வருட வித்தியாசம் இருக்கும். சீக்கிரம் வளர்ந்தவனைத் திறமைசாலி என்று அணியில் சேர்ப்பதும், கைகால் நீண்டு தடுமாறுகிறவனைச் சோம்பேறி என்பதும் நடந்துகொண்டே இருக்கிறது. இதைச் சொல்லித்தர அரை மணி நேரம் போதுமே!

பெரியவர்கள் வேறு மாதிரி. ஒரு நீச்சல் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருவர் குளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரல் வெளுக்க நிற்கிறார். கோச் மேலே நின்று "காலை உதை, காலை உதை" என்று கத்துகிறார். அவருக்கு அப்போது தேவை கால் அல்ல, மூச்சு. முகத்தைத் தண்ணீரில் வைத்து மெதுவாகக் குமிழி விடப் பழகினால் பயம் பாதி இறங்கும். அதை எதற்காகச் செய்யச் சொல்கிறோம் என்றும் விளக்க வேண்டும். காரணம் சொல்லாத பயிற்சியைப் பெரியவர்கள் நாலு நாள் செய்வார்கள், ஐந்தாம் நாள் வர மாட்டார்கள்.

இனிதான் என் முக்கியமான புகார். அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களில் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் சொல்வது செய்வது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். தான் எப்படி நடந்துகொள்கிறோம் என்று கோச்சுக்கே சரியாகத் தெரியவில்லை. அவரைவிடப் பிள்ளைகள் துல்லியமாகச் சொன்னார்கள். பிறகு சில மணி நேரத்தில் முடிகிற ஒரு பயிலரங்கம் நடத்தினார்கள். நன்றாகச் செய்தால் உடனே பாராட்டு, தப்பு செய்தால் முதலில் தைரியம் சொல்லிவிட்டு அப்புறம் திருத்து, தண்டிக்காதே: சாரம் இவ்வளவுதான். பயிற்சி முடிந்து வீடு திரும்பிய கோச்சுகள் தங்கள் நடத்தையைத் தாங்களே குறித்துவர ஒரு படிவமும் கொடுத்தார்கள். 1992இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பயிற்சி பெறாத கோச்சுகளிடம் இருந்த பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் அது 5 சதவீதம்தான்.

அதனால் வகுப்பை ஒரு நாளாகக் குறை. மிச்சமாகிற பணத்தில், அனுபவமுள்ள ஒருவரை ஒவ்வொரு கோச்சின் சொந்த மைதானத்துக்கும் அனுப்பு. அவர் பாடம் எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் நின்று, கோச் சொன்னதை அப்படியே எழுதி, முடிந்ததும் அவர் கையில் கொடுத்தால் போதும். "டேய், சொன்னது காதில் விழலையா" என்று தான் எத்தனை முறை சொன்னோம் என்பதைத் தாளில் பார்க்கிற கோச்சுக்கு வேறு விமர்சனம் தேவைப்படாது. சில மாதம் கழித்து மறுபடி போக வேண்டும். முதல் முறை எல்லாரும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வைத்திருக்கிறாய். அதை வகுப்பின் முதல் மணி நேரத்துக்குக் கொண்டுவா. தனியறையில் ஒரு பிள்ளையோடு மட்டும் இருக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், இந்த இரண்டும் தெரியாமல் யாரும் மைதானத்தில் இறங்கக் கூடாது.

இவ்வளவு கேட்டால் தன்னார்வலர்கள் ஓடிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன ஏது என்று கேட்காமல் விடுவதால்தான் பாதிப் பேர் ஓடுகிறார்கள். முதல் வகுப்பில் சேருகிற கோச்சுகளுக்கு மைதானம் மைதானமாகப் போய் எழுதித் தருகிற வேலையை நானே செய்கிறேன். உன் குழுவிடம் பேசிவிட்டுத் தேதி சொல். எழுத்துத் தேர்வை விட மாட்டோம் என்று அவர்கள் அடம்பிடித்தால், சண்டை போடாதே. அதை இன்னும் சின்னதாக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி