சின்னவளின் ஆராய்ச்சிப் படிப்பு பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கே ஐப்பசி பிறந்தும் வெயில் தணியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாளைத் தானே விரித்துவைத்து, இரங்கல் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். உன் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தாயா? அதைப் பற்றி மூச்சே விடவில்லையே.

கடிதத்தில் பாதிக்கு மேல் சின்னவளைப் பற்றித்தான். நர்சிங் படித்து, எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் முடித்து, காசநோய்த் திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. சேரப் போகிறேன் என்கிறாள். "மருத்துவம் படிக்காமலே டாக்டர் பட்டமா?" என்று உன் நாத்தனார் கேட்கிறார். நீ குழம்பிப்போய் என்னைக் கேட்கிறாய். சேரட்டும் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீ பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவள். மருத்துவமனையில் இருப்பவர் கண்ணில் படுவது மேலே உள்ள தொகுதி மட்டும்: இன்று வந்தவர்கள் இத்தனை பேர், இறந்தவர்கள் இத்தனை பேர். இவர்கள் எத்தனை பேரிலிருந்து வந்தார்கள், வராமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் யார், அடுத்த தெருவில் ஏன் அந்த நோய் இல்லை என்று கீழே உள்ள பகுதியைத் தேடிப் போவது பொதுச் சுகாதாரம். அந்தத் தேடலைப் பிறர் துருவிப் பார்த்து ஏற்றுக்கொள்ளும்படி, தன் பொறுப்பில் நின்று செய்யப் பழகுவதுதான் முனைவர் பட்டப் பயிற்சி. இதற்கு மருத்துவர் மட்டும் போதாது. நாம் படித்த புள்ளியியல் வேண்டும், மானிடவியல் வேண்டும், வார்டில் இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரின் கண்ணும் வேண்டும்.

நம் சென்னையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், மாநில அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்நாளில் காசநோய் என்றால் நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் சானடோரியம்: நல்ல காற்று, சத்துணவு, படுக்கை ஓய்வு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்று கேட்டார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டு அதே மருந்துகள். வீட்டிலிருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 1959-ல் முடிவு வெளியானபோது இரு பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தன. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற துணிவு அங்கிருந்துதான் வந்தது. ஏழை நாட்டில், ஏழைகளை முன்னால் வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி என்பதால் எனக்கு அந்த ஆய்வின் மேல் தனிப் பற்று உண்டு.

சின்னவளுக்கு நெருக்கமான இன்னொன்றும் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அதில் துணை நின்றார்கள். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோய் கண்டறிந்த முதல் சில வாரங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். அப்படியானால் யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதை முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பெரிய கருவி எதுவும் இல்லாமல். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் நுண்நோக்கியும் வெள்ளைக் கோட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்லிக்காட்டுவேன்.

பயிற்சி காலத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தாய். முதலில் பாடங்கள், தேர்வுகள். பிறகு ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், களம், தரவு, ஆய்வேடு. எழுதினால் ஒரே வரிதான். வாழ்வது அப்படி இல்லை. ஒரு மாணவி கிராமங்களில் ரத்த அழுத்தம் அளந்த தரவைக் கொண்டுவந்தாள். ஓர் ஊரில் மட்டும் 120/80, 130/90, 110/70 என்று எல்லா எண்களும் பூஜ்யத்தில் முடிந்திருந்தன. மனித உடம்பு அப்படி உருண்டை எண்களில் ஓடாது. வழிகாட்டி அவளை அந்தக் களப்பணியாளரோடு ஒரு நாள் கூடவே நடக்கச் சொன்னார். வீட்டில் இருப்பவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, இரண்டு முறை அளக்க வேண்டும் என்பது விதி. களப்பணியாளருக்குக் கொடுத்திருந்த வீடுகளின் பட்டியலோ பொழுது சாய்ந்தாலும் முடியாது. கையில் சுற்றும் பட்டையும் தளர்ந்து, பாதியில் பிரிந்துகொண்டிருந்தது. மாணவி அந்த ஊரின் அளவுகளை முழுவதும் ஒதுக்கிவிட்டு, பட்டியலைக் குறைத்து, வேறு கருவி வாங்கிக் கொடுத்து மறுபடி அளக்க வைத்தாள். களப்பணியாளர் மேல் ஒரு சொல் குறை எழுதவில்லை. அவளுடைய ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

இந்தப் படிப்பு களத்துக்கா, ஆய்வுக்கூடத்துக்கா என்ற வழக்கு நூறாண்டுப் பழையது. 1915-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக வில்லியம் வெல்ச், விக்லிஃப் ரோஸ் இருவரும் பொதுச் சுகாதாரப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று அறிக்கை தயாரித்தார்கள். அந்நாட்டின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை நடத்தியவர் ரோஸ். ஊர் ஊராக நின்று வேலை செய்யும் அதிகாரிகளை உருவாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வெல்ச்சுக்கு அறிவியல் ஆராய்ச்சியே முதன்மை. மறு ஆண்டு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பள்ளி வெல்ச்சின் வழியில்தான் போனது. அதே அறக்கட்டளையின் பணத்தில் 1932-ல் கல்கத்தாவிலும் ஒரு நிறுவனம் எழுந்தது. இன்றும் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குப் பிஎச்.டி., களத் தலைமைக்கு டிஆர்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முனைவர் பட்டம் என்று இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. நம்மிடம் பெரும்பாலும் பிஎச்.டி. ஒன்றுதான். அதனால் நம் பிஎச்.டி. இரண்டு சுமையையும் தூக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாவட்டச் சுகாதாரத் துணை இயக்குநர் கையில் கொடுத்தால் மறுநாள் பயன்படக்கூடிய ஒரு பக்கமாவது இல்லாத ஆய்வேட்டை என்னால் மனதாரப் பாராட்ட முடிவதில்லை.

உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இருமலோடு மாதக்கணக்கில் இருந்துவிட்டுத்தான் சளிப் பரிசோதனைக்கு வருகிறார்கள், எல்லாம் பீடித்தூளால் வரும் இருமல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள் என்று சின்னவள் ராத்திரிச் சாப்பாட்டில் புலம்பினாளாமே. மாலதி, அது புலம்பல் இல்லை, ஆய்வுக் கேள்வி! மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். இருமிக்கொண்டே பீடித் தட்டை மடியில் வைத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்த்தான் கணக்கெடுக்க வேண்டும். அவர்கள் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கை நிற்காது. கை நின்றால் அன்றைய கூலி குறையும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவள் வேண்டும். உன் மகளுக்கு அது தெரியும். இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வழிகாட்டியிடம் ஏற்கனவே இருக்கும் தரவில் எதையாவது எடுத்துச் செய் என்று யாராவது சொன்னால் அவள் இணங்கக் கூடாது.

இனி நீ கவலைப்படும் விஷயங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு, மகப்பேறு விடுப்பும் உண்டு. ஆகவே கல்யாணப் பேச்சை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது இல்லாமல் சேருவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கைக்காசைப் போட்டுக் களப்பணி செய்யும் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஆய்வேட்டுக்கு முன் இதழில் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த விதிகள் எடுத்துவிட்டன. நல்ல காரியம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அந்தக் கட்டாயத்தில்தான் கொழுத்தன.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரம் கூடாது. அவரிடம் படித்து முடித்தவர்களைத் தேடிப் பேசட்டும். எத்தனை பேர் பாதியில் போனார்கள், தரவு யார் கையில் இருந்தது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று கேட்கட்டும். ஓர் இடத்தில் மாணவி வெயிலில் அலைந்து சேர்த்த தரவு வேறொருவர் பெயரில் வெளியானது எனக்குத் தெரியும். அவள் படிப்பையே விட்டுவிட்டாள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வேலை? மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. திட்டங்களில் ஒப்பந்த வேலைதான் அதிகம். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த நிலம் இது. அப்படியிருந்தும் துறையின் முடிவெடுக்கும் நாற்காலிகள் மருத்துவர்களுக்கு என்றே இருக்கின்றன. பயிற்சி பெற்ற செவிலியரும் புள்ளியியலாளரும் அங்கே உட்கார வேண்டும் என்று கிடைக்கிற கூட்டத்தில் எல்லாம் சொல்லி வருகிறேன். சின்னவள் போன்றவர்கள் உள்ளே வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

அவளிடம் சொல்: பீடி சுற்றும் பெண்களைப் பற்றி, யாரை, எங்கே, எதற்காகக் கேட்கப் போகிறாள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும். சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பி அனுப்புகிறேன். திருவனந்தபுரத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் அச்சுத மேனன் மையத்தையும் அவள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. உங்கள் ஊரிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தானே. நீயும் கூடப் போ. போவதற்கு முன் அந்த முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் சாந்தி