தண்ணிக் கஞ்சியால் பிள்ளை தேறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் பிள்ளைகளின் மந்த போசணை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கிளினிக்கில் தரும் திரிபோசா சத்துமா வந்ததா, உலர் உணவுப் பொதி கிடைத்ததா என்ற கேள்வியோடு அது முடிந்துவிடுகிறது. பொதி தேவைதான். ஆனால் கிளினிக் புத்தகத்தில் ஆறாம் மாதம் வரை ஒழுங்காக ஏறிய நிறைக்கோடு ஏழாம், எட்டாம் மாதத்தில் படுத்துவிடுவதற்கான காரணம் பல வீடுகளில் பிள்ளையின் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கிண்ணத்தைப் பற்றியும், அதைக் கையில் வைத்துத் தீத்துகிறவரை, அதாவது ஊட்டுகிறவரைப் பற்றியும் எழுத விரும்புகிறோம்.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு, தாய்ப்பால் போக, நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி மேலுணவிலிருந்து வேண்டும். 9 முதல் 11 மாதம் வரை அது 300. ஒரு வயதுக்கு மேல் 550. வயிறோ மிகச் சிறியது. ஒரு கிலோ நிறைக்கு 30 கிராம் என்ற கணக்கில்தான் கொள்ளும். இப்போது, ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவை ஒரு கோப்பை தண்ணீரில் காய்ச்சுங்கள். அந்தக் கோப்பை முழுவதிலும் 40 கிலோகலோரிகூட இராது. பிள்ளை வயிறு முட்டக் குடிக்கும், அழாமல் படுக்கும், வீட்டாரும் ஆறுதலடைவார்கள். வயிற்றை நிரப்பியது தண்ணீர். அடுத்த தடவை தாய்ப்பாலையும் பிள்ளை குறைவாகவே குடிக்கும்.

கஞ்சியைக் குறை சொல்ல இந்த மண்ணில் எவருக்கும் மனம் வராது. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீருமான கஞ்சிதான் உயிரைப் பிடித்து வைத்தது. அது வேறெதுவும் கிடைக்காத நாட்களின் உணவு. அன்று மூன்று, நான்கு வயதாயிருந்த பெண்பிள்ளைகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். சிறுவயதில் வளர்ச்சி குன்றிய பெண்ணுக்கு 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையில் பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூட. ஆகவே கவனிப்பு கர்ப்ப காலத்திலேயே தொடங்க வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் பாதிப் பலன் வீணாகும். தேயிலையிலுள்ள பொருள் இரும்பைக் குடலில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ அதை நன்றாகச் சேர்க்கும். பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். பால் போத்தலில் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும்.

தடித்த கஞ்சிக்குச் செலவு அதிகமில்லை. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பயறு அல்லது கௌபி, தனித்தனியே வறுத்து அரைத்து வையுங்கள். மூன்று மேசைக்கரண்டி மாவை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் கட்டிபடாமல் கரைத்துக் காய்ச்சி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். கிண்ணத்தில் ஏறத்தாழ 140 கிலோகலோரி இருக்கும். கரண்டியைச் சரித்தால் ஓடி வழியாமல் மெதுவாக விழுவதே சரியான பதம். தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். எட்டாம் மாதத்துக்குள் அரைக் கோப்பைக்கு வர வேண்டும். ஒரு வயதுக்கு மேல் முக்கால் கோப்பை முதல் ஒரு கோப்பை, நாளுக்கு மூன்று நான்கு வேளை, இடையில் ஒரு பழமோ அவித்த வற்றாளங்கிழங்கோ. பல் வரட்டும், பல்லுக்கொழுக்கட்டை ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

தடிப்பாகச் செய்தால் பிள்ளை விழுங்காது என்று அம்மம்மாமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குக் குரக்கன் (கேழ்வரகு) முளைமா நல்ல வழி. குரக்கனை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் ஒன்றரை, இரண்டு நாள் முளைக்கவிட்டு, வெயிலில் காய்ச்சலாகக் காயவைத்து, வறுக்காமல் அரைக்க வேண்டும். வறுத்தால் முளையில் பிறந்த நொதியம் செத்துவிடும். கஞ்சி காய்ச்சி இறக்கிச் சற்று ஆறிய பின் இந்த மாவில் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கிளறினால் சில நிமிடங்களில் இளகும். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தண்ணீர் சேராமலே பதம் இளகும், சத்தும் குறையாது.

மாவும் எண்ணெயும் சக்தி தரும். இரும்பும் நாகச்சத்தும் (சிங்க்) தருவது வேறு உணவு. பிறக்கும்போது பிள்ளை உடலில் கொண்டுவரும் இரும்பு ஆறு மாத அளவில் தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் அது சொற்பம். இரத்தச்சோகை வந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், விளையாட்டில் ஆர்வம் குறையும், கற்பது பின்தங்கும். முட்டை, ஈரல், குளத்து மீன், சூடை, நெத்தலி ஏதாவது ஒன்று ஒவ்வொரு நாளும் கிண்ணத்தில் இருக்க வேண்டும். மீனை அவித்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, சோற்றோடு மசியுங்கள். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடிபடும் மீன் சந்தைக்குப் போய், வீட்டுப் பிள்ளைக்கு விசுக்கோத்து வருவது மனதை வருத்துகிறது. கிளினிக்கில் தரும் நுண்போசணைப் பொடியைச் சமைக்கும்போது போடாமல், ஆறிய உணவின் ஒரு சிறு பகுதியில் கலந்து முதலில் தீத்திவிடுங்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். எங்கள் காட்டுத் தேன் எவ்வளவு நல்லதானாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவக்கூடாது. தேனிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு கக்கும்.

கச்சான் விளையும் ஊர்களுக்கு ஒரு சொல். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கச்சானைப் பொறுக்கி எறியுங்கள், பிள்ளையின் மாவுக்கு அரைக்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் அவித்தாலும் போகாது. முழுக்கச்சான் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மூச்சுக்குழலை அடைக்கும் ஆபத்து.

திரிபோசாவிலும் கணக்கு இருக்கிறது. 750 கிராம் பொதி இரண்டை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 கிராம், ஒருவருக்கு. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லோரும் உண்டால் ஒரு கிழமையில் முடிந்துவிடும். பசியுள்ள வீட்டில் மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க ஒருவருக்கு மட்டும் கொடுக்க எந்தத் தாயாலும் முடியாது. ஆகவே மந்த போசணையுள்ள பிள்ளை இருக்கும் குடும்பத்தை அஸ்வெசும போன்ற அரசின் நலன்புரி உதவிகளில் முந்திக் கவனிக்கும்படி பிரதேச செயலகங்களைக் கேட்கிறோம்.

இனி, தீத்துகிறவர். ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை, 9 முதல் 24 மாத வயதினரை, நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் போசாக்குணவு. ஒரு குழுவுக்குச் சுகாதார உதவியாளர் கிழமைக்கு ஒருமுறை வீடு சென்று ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் விளையாடிக் காட்டுதல். ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. அந்தப் பிள்ளைகளின் 22 வயதளவில் பார்த்தபோது, வீடு சென்று விளையாடப்பட்டவர்களின் வருமானம் அந்த உதவி பெறாதவர்களைவிட 25 வீதம் கூடியிருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக வங்கியும் 2018இல் வெளியிட்ட பராமரிப்புச் சட்டகம் உடல்நலம், உணவு, பாதுகாப்பு, கற்றல் என்பவற்றோடு, பிள்ளையின் சைகைக்கு மறுமொழி தரும் பராமரிப்பையும் சமமாக வைத்தது இத்தகைய சான்றுகளால்தான்.

மறுமொழி என்பது பெரிய வித்தையில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேரே இருங்கள். ஒரு வாய் கொடுத்துவிட்டுப் பொறுங்கள். அது ஊமென்றால் நீங்களும் ஊமென்று சொல்லுங்கள். கிண்ணத்தில் இருப்பதன் பெயரைச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பினால் கொஞ்சம் விட்டு மீண்டும் கொடுங்கள், மூக்கைப் பொத்தித் திணிக்காதீர்கள். கைபேசியைக் காட்டித் தீத்தினால் கிண்ணம் காலியாகும், உண்மை. ஆனால் பசியும் நிறைவும் பிள்ளைக்குத் தெரியாமல் போகும், அந்த அரை மணி நேரப் பேச்சும் போகும். பிறக்கும்போது பெரியவர் மூளையில் நாலில் ஒரு பங்காயிருக்கும் பிள்ளையின் மூளை இரண்டு வயதில் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடுகிறது. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம்.

விளையாட்டுப் பொருளுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. பனையோலைக் கிலுக்கு, அடுக்கிப் போடச் சிரட்டைகள், உருட்டிவிடக் குரும்பட்டித் தேர், இவை போதும். பிள்ளைத்தமிழ் பாடிய நம் முன்னோர் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும் வகுத்தபோது, தலை நிமிர்வதையும் கைகொட்டுவதையும் மாதக் கணக்கோடு கவனித்தே வகுத்தார்கள். ஒரு வயதாகியும் கைகொட்டாத, பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய முன் பஸ் ஏறும் தாய்மாரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு விலகிப் போவது நியாயமாகாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்கு ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை மகப்பேற்று நன்மைகள் சட்டம் தருகிறது. பிள்ளை பராமரிப்பிடம் இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வீடு விசுவமடுவிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் தாய்க்கு ஒரு மணி நேரத்தில் போய்வர முடியாது. வேலைத்தலத்திலேயே பராமரிப்பிடமும், பால் எடுத்து வைக்க மறைவான அறையும் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டும். வீட்டில் எடுத்து வைக்கும் பால் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வன்னி வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். போத்தல் வேண்டாம், சிறு கோப்பை போதும்.

முற்றத்துக் கோழி முட்டை தரும். அதன் எச்சம் தவழும் பிள்ளையின் கையால் வாய்க்கும் போகும். பாயை விரித்து ஓரிடத்தை வேலியடைத்துக் கொடுங்கள், தீத்தும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வயிற்றோட்டத்தின்போது ஜீவனி உப்புக் கரைசலோடு சாப்பாட்டையும் தொடருங்கள். சுகமான பின் இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு வேளை கூட்டிக் கொடுங்கள்.

சுகாதாரத் திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தராசு மட்டும் இருக்கும் கிராமக் கிளினிக்கில் இது கண்ணில் படாது. கட்டையாய் இருப்பது பரம்பரை என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்கவைத்து நீளம் அளக்கும் பலகையை ஒவ்வொரு கிளினிக்குக்கும் தாருங்கள். அளக்க இருவர் வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பாதத்தை நேராக்க. ஊரிலேயே பயிற்றினால் அம்மம்மா ஒருவரும் தலையைப் பிடிப்பார்.

இவ்வண்ணம்,
தாய்சேய் நலப் பணியிலுள்ள சிலர்,
வன்னி.