ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைக் கூட்டிப்போன அம்மாவுக்கு

லண்டனில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததும், ஒரு வருஷம் தள்ளிச் சேர அனுமதி வாங்கிக்கொண்டு, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனேன். சம்பளம் கிடையாது. வீட்டில் முதலில் யாருக்கும் சம்மதமில்லை.

ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டிய ஒரு இரவு, நான் ஹட்டனில் வந்து இறங்கும்போது கடைசி பஸ் போய்விட்டது. போனில் சார்ஜும் இல்லை. "ஏன் புள்ள, தனியா நிக்கிற?" என்று கேட்டீர்கள். அப்புறம் வேறெதுவும் விசாரிக்காமல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான உங்கள் லயத்துக்கே கூட்டிப்போனீர்கள்.

வழியில் அட்டை கடித்து என் கணுக்காலில் ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது என்று நான் படித்திருக்கிறேன், ஆனால் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் தூக்கிவைத்து, பழைய சேலைத் துண்டை அழுத்திப் பிடித்தது நீங்கள்தான். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்து வெடித்த அந்த விரல்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன. சூடாக ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ. இருந்த ஒரே கட்டிலையும் எனக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

விடியற்காலையில் மலைக்கு வேலைக்குப் போகும் அவசரத்திலும் என்னைப் பஸ் ஏற்றிவிட்டீர்கள். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், அது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

செப்டம்பரில் எனக்கு வகுப்பு தொடங்குகிறது. ரொம்ப நன்றி அம்மா.