கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி மாத்திரையைக் குறைக்கலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் அன்றாட வேலைகளுக்கிடையே நாள் முழுவதும் இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கலாம் என்ற விளம்பரத்தோடு கைக்கடிகாரங்கள் இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றால் நோயாளிகளிடம் பரவிவரும் ஓர் ஆபத்தான பழக்கத்தை வாசகர்களின் பார்வைக்கும் அரசின் பார்வைக்கும் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். மாதந்தோறும் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களில் சிலர் இப்போது மருத்துவரின் சீட்டோடு மணிக்கட்டையும் நீட்டுகிறார்கள். "மகன் வாங்கி அனுப்பின வாட்ச்சு 118தான் காட்டுது, பாதி மாத்திரை போட்டா போதாதா?" என்று அண்மையில் ஒரு பெரியவர் கேட்டார். அவரை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் செய்து, பாதங்களைத் தரையில் பதிய வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, முழங்கைக்கு மேலே காற்றுப்பட்டையைச் சுற்றி இருமுறை பார்த்தேன். முதல் முறை 156-க்கு 92; அடுத்த முறை 152-க்கு 90. அவர் மணிக்கட்டில் இருந்த கடிகாரமோ அப்போதும் 119 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம், அக்கடிகாரங்களில் பெரும்பாலானவை அழுத்தத்தை அளப்பதே இல்லை என்பதுதான். காற்றுப்பட்டை இரத்தக் குழாயை அழுத்தி, பின் மெல்லத் தளர்த்தி, ஓட்டம் திரும்பும் நிலையைக் கண்டு அளவு சொல்கிறது. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி வகுத்த அந்த வழியே இன்றும் வீட்டுக் கருவிகளின் அடிப்படை. கடிகாரமோ தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, நாடித்துடிப்பின் அலை எந்த வடிவில் வருகிறது என்று பார்த்து, அதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட்டு ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்கும் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அதனால்தான் சாம்சங் நிறுவனம் தன் கடிகாரத்தை 28 நாளுக்கு ஒருமுறை காற்றுப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறது. அப்படி எந்த ஒப்பீடும் கேட்காமல், வயதையும் உயரத்தையும் எடையையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு 120-ஐ ஒட்டிய ஓர் எண்ணைக் காட்டும் மலிவான கடிகாரத்தை எதை வைத்து நம்புவது?

2025-இல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியோடு தன் கடிகாரத்தில் இரத்த அழுத்த வசதியைச் சேர்த்தபோது, எண் எதையும் காட்டவில்லை. 30 நாள் தரவை ஆராய்ந்து, உயர் அழுத்தத்தின் அறிகுறி தென்பட்டால் எச்சரிக்கை மட்டுமே தருகிறது. அதன் பிறகு காற்றுப்பட்டைக் கருவியால் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லச் சொல்கிறது. என் பார்வையில் இதுவே நேர்மையான வழி. அதே ஆண்டு ஜூலையில், அனுமதி பெறாமல் தன் மணிக்கட்டுப் பட்டையில் இரத்த அழுத்த மதிப்பீட்டை வழங்கிய வூப் (Whoop) என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. காற்றுப்பட்டை இல்லாத கருவிகளை நோயைக் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2022-லேயே அறிவுறுத்திவிட்டது.

இவ்வளவும் சொல்வதால் தொடர் கண்காணிப்பே வேண்டாம் என்று நான் கருதுவதாக எண்ணிவிடக் கூடாது. அது மிகவும் தேவை. அதிலும் இரவில் தேவை. உறங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் பலருக்கு அது இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவும் செய்கிறது. பக்கவாதமும் மாரடைப்பும் வரும் ஆபத்தைப் பகல் அளவைவிட இரவு அளவே நன்றாகக் காட்டுகிறது. மருத்துவரைக் கண்டதும் ஏறும் அழுத்தமும் உண்டு. மருத்துவர் முன்னால் அடங்கியிருந்து வீட்டில் ஏறும் அழுத்தமும் உண்டு. மருத்துவமனையில் ஒருமுறை பார்ப்பதால் இவை எதுவும் பிடிபடாது.

இவற்றைக் கண்டறியச் சோதித்துத் தேர்ந்த வழி ஏற்கெனவே இருக்கிறது. கையில் காற்றுப்பட்டையும் இடுப்பில் சிறு பெட்டியுமாக 24 மணி நேரம் அணிந்துகொள்ளும் அக்கருவி, பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவில் சற்று அதிக இடைவெளியிலும் தானே அளந்து பதிவு செய்கிறது. இரவுச் சராசரி 120-க்கு 70 என்ற அளவைத் தொட்டாலே அது உயர் அழுத்தம். பிரிட்டனில் நோயை உறுதிசெய்ய இதையே பயன்படுத்த வேண்டும் என்று 2011 முதல் வழிகாட்டுதல் உள்ளது. பட்டை இறுகும்போதெல்லாம் தூக்கம் கலையும் என்பது உண்மையான குறைதான். அக்குறையைத் தீர்க்கும் கருவி ஒருநாள் வரத்தான் போகிறது. அதை நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் நம் மக்களின் தோல் நிறத்திலும் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். கரோனா காலத்தில் வீடுதோறும் வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஒளியை நம்பிய கருவிதான்; அது கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் குறைவைப் பலமுறை கண்டுகொள்ளாமல் விட்டதை 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது.

அரசிடம் நான் வேண்டுவது இரண்டு. இரத்த அழுத்தக் கருவிகள் நம் நாட்டில் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன் வரம்புக்குள் வருகின்றன. அப்படியிருக்க, விளம்பரத்தில் இரத்த அழுத்தத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்பதைப் பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அச்சிடுவதை அனுமதிக்கக் கூடாது. அந்த எச்சரிக்கை பெட்டியின் முகப்பிலும் இணையக் கடையின் விற்பனைப் பக்கத்திலும் தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றியது. வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் இத்திட்டத்தின் அருமையை, அதனால் பயன்பெறும் முதியவர்களைத் தினமும் பார்க்கும் நான் அறிவேன். மாத்திரை போட்டும் கட்டுக்குள் வராதவர்களுக்கும், நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கும், 24 மணி நேரக் கருவியை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நாளுக்கு இரவலாகக் கொடுத்து, மறுநாள் அதே பணியாளரே திரும்பப் பெற்று மருத்துவரிடம் சேர்க்கும் ஏற்பாட்டை இத்திட்டத்தோடு இணைக்க வேண்டும். முதலில் ஓரிரு வட்டாரங்களில் தொடங்கினாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை.