ஜாடியைக் கவிழ்த்தும் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய அரண்மனைகளில் உள்ள சீன நீல வெள்ளைப் பீங்கான்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெரிய ஜாடிகளைச் சீனாவின் மிங் அரச மரபுக் காலத்தவை என்று எழுதியிருப்பது பிழை. அடியில் எழுதியுள்ள அரசர் பெயரைப் படித்தாலே காலம் தெரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய பிழை.

டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்டு சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், 1717-இல் பிரஷ்ய மன்னருக்கு 'டிராகூன்' எனப்படும் 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான்களை வாங்கிக்கொண்டார். 'டிராகூன் ஜாடிகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவை சீனாவின் காங்சி பேரரசர் காலத்தில் (1662–1722) ஜிங்டெஜென் என்ற பீங்கான் நகரத்துச் சூளைகளில் சுட்டவை. மிங் ஆட்சி 1644-இலேயே கவிழ்ந்துவிட்டது. அகஸ்டஸ் கைக்கு வந்தபோது இவை பழம்பொருளே அல்ல, ஏறக்குறையப் புதுச் சரக்கு.

அடிக்குறி ஏன் குழப்புகிறது? காங்சி காலத்துத் தட்டுகள் பலவற்றின் அடியில் 'மாபெரும் மிங், செங்ஹுவா ஆட்சியில் செய்தது' என்று ஆறு எழுத்துகள் இருக்கும். செங்ஹுவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. எல்லாவற்றையும் மோசடி என்று தள்ளிவிடக் கூடாது. உடைந்து குப்பைக்குப் போகும் ஓட்டில் ஆளும் அரசரின் பெயர் கிடப்பது அவமரியாதை என்று 1677-இல் ஜிங்டெஜென் அதிகாரி ஒருவர் அந்தப் பெயரை எழுதத் தடை போட்டார். எழுதிப் பழகிய கைகள் பழைய அரசரின் பெயரைப் போட்டன, ஓர் இலையை வரைந்தன, அல்லது நீலத்தில் இரட்டை வட்டம் மட்டும் போட்டு நடுவை வெறுமையாக விட்டன.

ஆகவே எழுத்தைவிட அடிவளையமே நல்ல சாட்சி. ஜாடி நிற்கும் அந்த வளையத்தில் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இருக்காது. இருந்தால் சூளையில் ஒட்டிக்கொள்ளும். 'கிராக்' எனப்படும் மிங் கடைசிக்கால ஏற்றுமதித் தட்டுகளில் வளையத்தோடு சூளை மணல் ஒட்டியிருக்கும். அடிப்பரப்பில் சக்கரத்தில் செதுக்கிய கத்தி அதிர்ந்த கோடுகள், நடுவிலிருந்து ஆரக்கால் போல விரியும். காங்சி காலத்து நல்ல தட்டில் வளையம் வழுவழுப்பாகச் சீவப்பட்டிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். அடிப்பரப்பில் மூன்றோ ஐந்தோ சிறு தழும்புகள் இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானின் அரிட்டா என்ற ஊரின் சரக்கு. சூட்டில் தட்டின் நடு தொய்ந்துவிடாமல் இருக்கக் கொடுத்த முட்டுகளின் தடம் அது. சீனாவில் போர் மூண்டு சரக்கு நின்றபோது, 1650-களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிட்டாவை நாடியது. அதனால்தான் ஐரோப்பிய அலமாரிகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் தட்டைப் பிரித்தறிவது இன்னும் சுலபம். அது பீங்கானே அல்ல, வெள்ளீயப் பூச்சு பூசிய மண்பாண்டம். விளிம்பில் பூச்சு பெயர்ந்த இடத்தில் மஞ்சளான, நுண்துளை உள்ள மண் தெரியும். பீங்கானில் உடலும் மெருகும் சுமார் 1300 டிகிரி சூட்டில் ஒன்றாக இறுகியவை. உடைந்த இடமும் வெள்ளையாக, கண்ணாடி போலப் பளிச்சென்றிருக்கும்.

எழுத்தை நம்பத்தக்க இடமும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள, டேவிட் குடுவைகள் எனப்படும் இரண்டு சீனக் குடுவைகளின் கழுத்தில், எந்த ஊர்க்காரர் கோயிலுக்குக் கொடுத்தார், எந்த ஆண்டு என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு 1351. 14-ஆம் நூற்றாண்டு நீல வெள்ளைப் பீங்கான்களை இனங்காண இந்த இணைதான் அளவுகோல்.

அகஸ்டஸின் சேகரிப்புக்கே தனி அடையாளம் ஒன்று உண்டு. 1721-இல் தொடங்கிய அரண்மனைப் பதிவேட்டின் எண்ணை மெருகின் மேல் வெட்டி, கறுப்பு தேய்த்திருப்பார்கள். சீன நீல வெள்ளைக்கு எண்ணோடு ஒரு நெளிகோடு. 20-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து சில, இரட்டைப் படிகள் என்று ஏலத்தில் போயின. அதனால் இந்த எண் வேறு ஊர்ச் சேகரிப்புகளிலும் கண்ணில் படும்.

இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. உங்கள் கட்டுரையின் படங்களில் ஒன்றில்கூட அடிப்பக்கம் இல்லை. அடுத்த முறை ஒவ்வொரு பொருளுக்கும் அடிப்பக்கப் படம் ஒன்றையும் அருங்காட்சியகக் காப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும், நேராக விழுந்தால் கத்திக்கோடுகள் மறைந்துவிடும். அருகில் ஓர் அளவுகோல் வையுங்கள். ஜாடியைக் கவிழ்ப்பது காப்பாளரின் வேலை: முதலில் மூடியை எடுத்துத் தனியே வைத்து, ஒரு கை அடியில், ஒரு கை உடலில் கொடுத்து, மடித்த மெத்துத்துணியின் மேல் சாய்க்கவேண்டும். வாயைப் பிடித்துத் தூக்கினால் பழைய ஒட்டு விட்டுப்போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி